அட்ரினல் கட்டி: ரிப்போர்ட்டில் விட்டுப்போன ஒரு எண்

சிறுநீரகக் கல்லுக்காக அம்மாவுக்கு எடுத்த பிளெயின் சி.டி., அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத ஸ்கேன், அது. கல் தானாகவே இறங்கிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இடது அட்ரினலில் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) 1.8 செ.மீ. கட்டி, கான்ட்ராஸ்ட் சி.டி. எடுக்கவும் என்று போட்டிருந்தார்கள். கட்டியின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் இல்லை. அந்த எண்தான் முக்கியம். கான்ட்ராஸ்ட் ஏற்றாத படத்தில் கட்டி முழுக்க ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அது கொழுப்பு நிறைந்த சாதாரண அடினோமா, புற்றுநோய் இல்லாத கட்டி. 20-ஐத் தாண்டினாலோ, உள்ளே திட்டுத்திட்டாக இருந்தாலோதான் கவலை அதிகம். கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் அளந்த எண்ணை இந்தக் கணக்குக்கு எடுக்கக் கூடாது.

தேவையான படம் ஏற்கெனவே ஸ்கேன் பதிந்து கொடுத்த தட்டில் இருந்தது. ஸ்கேன் சென்டர் கவுன்டரிலோ, "ரிப்போர்ட் கொடுத்தாச்சு, மாத்த முடியாது, புதுசா பில் போடுங்க" என்று ஒரே பிடிவாதம். அங்கே வாதாடிப் பயனில்லை. எண்டோகிரைனாலஜிஸ்டிடம் (ஹார்மோன் டாக்டர்) 'அட்ரினல் கட்டியின் பிளெயின் எச்.யூ. (ஹவுன்ஸ்ஃபீல்டு எண்) குறிப்பிடவும்' என்று சீட்டு வாங்கி, நேராக ரேடியாலஜிஸ்டிடம் கொடுங்கள். அவர் அளந்து, கூடுதல் ரிப்போர்ட்டாக எழுதித் தந்தார்: 6. கான்ட்ராஸ்ட் சி.டி. தேவைப்படவில்லை. பிரஷரை எகிறவைக்கும் ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா (சுருக்கமாக ஃபியோ) என்ற கட்டிக்கான மெட்டாநெஃப்ரின் பரிசோதனையும் தேவைப்படவில்லை. எண் 10-க்கு மேல் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ரத்தம் எடுக்கும் முன் 20, 30 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அந்த முடிவு வரும்வரை யார் சொன்னாலும் ஊசி குத்தி பயாப்சி எடுக்க விடாதீர்கள். கட்டி ஃபியோவாக இருந்தால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

எண் நல்லதாக வந்தாலும், கட்டி கார்டிசால் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. இரவு 11 மணிக்கு, கார்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. கடையில் 0.5 மாத்திரைதான் கிடைத்தது என்றால் இரண்டு. மறுநாள் காலை 8, 9 மணிக்குள் ரத்தம். லேபில் 'கார்டிசால் காலை, மாலை' என்று பில் போட்டுவிட்டார்கள். அதோடு டோக்கன் வரிசையில் உட்காரவைத்து, ரத்தம் எடுக்கும்போது 11 தாண்டிவிட்டது. அந்த முடிவை டாக்டர் ஏற்கவில்லை. மறுபடி மாத்திரை, மறுபடி ரத்தம். சீட்டிலேயே 'டெக்ஸாமெத்தசோனுக்குப் பின், காலை 8 மணி' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகாவிட்டால் நிம்மதி. கருத்தடை மாத்திரை, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் எதைச் சாப்பிட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றுமே அளவைப் பொய்யாகக் கூட்டிக்காட்டும்.

அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால், பிரஷரை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கட்டி அதிகம் சுரக்கிறதா என்று அறிய ஆல்டோஸ்டிரோன், ரெனின், பொட்டாசியமும் பார்த்தார்கள். ரெனின் குழாயை லேப் பையன் ஐஸ் பெட்டியில் வைக்கப் போனான்; தடுத்தோம். குளிரில் ரெனினின் முன்வடிவமான புரோரெனின் ரெனினாக மாறிவிடும், நோய் இருந்தும் தெரியாமல் போகும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எத்தனை வாரம் முன்பு நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள்.

எல்லாம் சரியாக வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று முதலில் பார்த்த டாக்டர் எழுதியிருந்ததை, 6 என்ற அந்த ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணைக் காட்டியதும் எண்டோகிரைனாலஜிஸ்ட் அடித்துவிட்டார்.