கெட்டிக்கும்போது கைதட்ட வேண்டாம்

கோடரி விளிம்பில் பட்ட ஈயக்குண்டு இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் வைத்த மண்தட்டுகள் ஒரே நேரத்தில் உடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதன் ஓரம் மட்டும் நம் பக்கம் தெரியும்படி நிறுத்தி, குறுக்கே அறுப்பது இன்னொன்று. மெழுகுவத்தியைச் சாய்க்காமல் சுடரை மட்டும் அணைப்பது மற்றொன்று. இதையெல்லாம் குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கியால் செய்வதில் எனக்குப் பெரிய ஆசை உண்டு. எங்கள் குழுவில் இப்போது நான் சுடுவது குறைவு. கெட்டிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று கவனிப்பதுதான் என் வேலை. அந்த இடத்தில் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். வித்தையில் ஆபத்து விசையை இழுக்கும் நொடியில்தான் இருக்கிறது என்று பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அதற்கு இரண்டு நிமிடம் முன்பே, கெட்டிக்கும்போதே உள்ளே போய்விடுகிறது.

தோட்டாத் துப்பாக்கியில் மருந்தின் அளவு, குண்டின் இடம் எல்லாம் ஆலையிலேயே முடிவாகிவிடும். வாய்வழித் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் சுடுகிறவரே தோட்டா செய்கிறார், அதுவும் குழலுக்குள்ளேயே. மருந்தை அளக்க வேண்டும், ஊற்ற வேண்டும், எண்ணெய் தடவிய துணித்துண்டில் குண்டை வைத்து வாயில் அழுத்த வேண்டும், கோலால் அடிவரை தள்ள வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. சாதாரணப் பயிற்சி நாளில் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். வித்தை காட்டும் நாளில் சுற்றி ஆள் நிற்கும். "இது எத்தனை வருஷத்துத் துப்பாக்கி?" என்று ஒருவர் கேட்பார். முந்தைய வெடிக்கு இன்னொருவர் கைதட்டுவார். பதில் சொல்லிக்கொண்டே கை வேலை செய்யும். அப்போதுதான் மருந்து இரண்டு முறை விழுகிறது, அல்லது விழாமலே போகிறது.

மருந்து போடாமல் குண்டை மட்டும் இறக்கிவிட்டால் உடனே ஆபத்து இல்லை, வெடிக்காது, அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத காரணம் புரியாமல் அதன் மேலேயே மறுபடி மருந்தும் குண்டும் போட்டால் கதை வேறு. எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது குண்டு பாதி வழியில் நிற்பதற்குத்தான். சுட்டுச் சுட்டு உள்ளே கரி படிந்த குழலில் குண்டு இறுகிக்கொள்ளும். அவசரத்தில் இருப்பவர் அடி தட்டிவிட்டது என்று நினைத்துக் கோலை எடுத்துவிடுவார். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம். பற்றவைத்ததும் வேகமெடுத்து வரும் வாயு, பாதி வழியில் நிற்கும் குண்டை ஓர் அடைப்பைப் போலவே மோதும். அந்த இடத்தில் குழல் வளையமாகப் புடைக்கலாம், பிளக்கவும் செய்யலாம். அதற்கு மிக அருகில் இருப்பது குழலைத் தாங்கியிருக்கும் இடக்கை.

இதற்குத் தீர்வு மிக எளியது. கோலில் இரண்டு கோடுகள். ஒன்று குழல் காலியாக இருக்கும்போது கோல் எதுவரை இறங்கும் என்பதற்கு, மற்றொன்று சரியான அளவு மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது எங்கே நிற்கும் என்பதற்கு. கோடு வாயோடு ஒட்டி நிற்காவிட்டால் துப்பாக்கி மேசையை விட்டு நகரக் கூடாது. எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுகிறவர், வெடிமருந்தை நிரப்பி வைக்கும் மருந்துக் கொம்பைக் கையில் எடுத்துவிட்டால் யார் பேச்சுக்கும் பதில் சொல்ல மாட்டார். பழக்கமில்லாத ஒருவர் விடாமல் கேள்வி கேட்டபோது, "தம்பி, இதை முடிச்சுட்டு நானே வந்து எல்லாம் சொல்றேன், அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். சொன்னபடி போய் அரை மணி நேரம் பேசினார். நான் எல்லோரிடமும் எதிர்பார்ப்பது இதைத்தான். கெட்டிப்பதைக் காட்சியின் பகுதியாக்காதீர்கள். மேடையோ மைதானமோ, கெட்டிக்கும் மேசை பார்வையாளர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வேகமாகக் கெட்டித்துக் காட்டும் போட்டியை வித்தையோடு சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன்.

கொம்பிலிருந்து நேராகக் குழலில் ஊற்றுவதையும் அனுமதிக்கவே கூடாது. பார்க்கப் பழைய காலத்து வீரன் மாதிரி அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் முந்தைய வெடியின் கங்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தால்? ஒரு வெடிக்கான மருந்தை அளக்கும் குடுவையில் இருப்பது 70 கிரெயின், அதாவது நாலரை கிராம். அது பற்றினால் கை சுடும். கொம்பில் இருப்பது அரைக் கிலோ வரை போகலாம். அது கையிலேயே வெடிகுண்டு. அப்புறம், இந்தத் துப்பாக்கிகளுக்கான பழைய கருமருந்துக்குப் பதில், இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அது உண்டாக்கும் அழுத்தத்தை இந்தக் குழல்கள் தாங்காது.

வாய்வழித் துப்பாக்கி வித்தை என்றதும் எனக்கு நினைவு வருபவர் சுங் லிங் சூ. சீன மந்திரவாதியாக மேடையேறிய இவர் உண்மையில் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்ற அமெரிக்கர். சுட்ட குண்டைப் பிடித்துக் காட்டுவது அவருடைய பெயர்பெற்ற வித்தை. 1918 மார்ச் 23 அன்று லண்டனின் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் அதைச் செய்தபோது உண்மையாகவே சுடப்பட்டார், மறுநாள் இறந்துபோனார். அந்தத் துப்பாக்கிகளின் உள்வேலை இப்படி: மருந்தும் குண்டும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் குழலில் போகும். ஆனால் விசையை இழுத்தால் தீ அந்தக் குழலுக்குப் போகாது. குழலுக்குக் கீழே கோல் செருகும் குழாயில் குண்டில்லாத மருந்து இருக்கும், அதுதான் வெடிக்கும். குண்டு மேல்குழலிலேயே தங்கிவிடும்.

பிறகு அந்தக் குண்டை வெளியே எடுக்க வேண்டுமல்லவா? ராபின்சன் அதைச் சுட்டும் தீர்க்கவில்லை, வாய்வழியாக இழுத்தும் எடுக்கவில்லை. குழலின் அடிமுனையை மூடும் அடித்திருகையே கழற்றி எடுத்தார். ஆண்டுக்கணக்கில் கழற்றிப் பூட்டியதில் புரிகள் தேய்ந்தன. அந்தத் தேய்ந்த இடுக்கு வழியே நுண்ணிய மருந்துத்தூள் மெல்ல ஊர்ந்து சேர்ந்தது. ஒரு நாள் தீ அதன் வழியாக மேல்குழலுக்குப் போய்விட்டது. விசாரணையில் தற்செயல் மரணம் என்று முடிவானது. சுட்டவர் சொன்னபடிதான் சுட்டார், மேடையில் யாரும் தடுமாறவில்லை. கோளாறு துப்பாக்கியின் அடியில், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் நடந்த ஒரு சின்ன வேலையில் இருந்தது. அதனால்தான் வித்தைக்கென்று மாற்றியமைத்த துப்பாக்கியை நான் மைதானத்தில் அனுமதிப்பதில்லை. மேடைக்கு அது தேவை என்றால் குழலுக்குள் ஈயமே போகாத ஏற்பாடாக இருக்கட்டும்.

சரி, ஒழுங்காகக் கெட்டித்தாயிற்று, விசையும் இழுத்தாயிற்று, வெடிக்கவில்லை. இப்போது என்ன? சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றும் துப்பாக்கியில், குழலுக்கு வெளியே சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்குவது அடிக்கடி நடக்கும். ஆனால் உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கலாம். சில நொடி கழித்து வெடிக்கலாம். அதனால் குழல்வாயை இலக்கை விட்டு நகர்த்தாமல் முழுதாக ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். எந்தப் புது வித்தையோடு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: வெடிக்காமல் போனால் இதே நிலையில், குழல்வாய் அசையாமல், ஒரு நிமிடம் உங்களால் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியில் பல வித்தைகள் விழுந்துவிடும். கண்ணாடியைப் பார்த்துத் தோளுக்கு மேல் பின்னால் சுடுவது முதலில் விழும். அந்த நிலையில் கனமான நீண்ட குழலை ஒரு நிமிடம் தாங்குவது கடினம், தாங்க முடியாமல் திரும்பினால் குழல்வாய் மக்கள் பக்கம் வரும். மேலும் தீ குழலுக்குள் போகும் சிறு துளையான தீத்துளையிலிருந்து பக்கவாட்டில் சீறும் நெருப்பு கழுத்துக்கும் காதுக்கும் அருகில் இருக்கும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துச் சுடுவதும் அப்படியே. கிண்ணத்து மருந்து கொட்டி, வெடிக்காமல் போகும் வாய்ப்பை நாமே கூட்டிக்கொள்கிறோம். துணியில்லாமல் தளர்வாகக் குண்டு போட்ட கைத்துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி நடந்தால் குண்டு முன்னால் உருண்டுவிடும். முன்பு சொன்ன வெற்றிடம் அங்கே தானாகவே உண்டாகிவிடும்.

கோடரி வித்தை இந்தக் கேள்வியில் தேறிவிடும், நின்ற நிலையில் சுடுவதுதானே. அதன் சிக்கல் வேறு இடத்தில். 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல்துளை உள்ள துப்பாக்கியின் குண்டு சுமார் பதினொன்றரை கிராம். பிளந்த பிறகு அது எங்கே போகிறது என்று பலர் யோசிப்பதில்லை. விளிம்பின் சரிவில் வழுக்கி ஒவ்வொரு பாதியும் தன் பக்கம் விலகிப் போகும். 15 பாகை விலகினால் 10 மீட்டர் பின்னால் அது இரண்டரை மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஒரு தாளைச் சுடுவதற்குப் போதுமான மண்மேடு இதற்குப் போதாது. மேடு கோடரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், பக்கவாட்டிலும் வளைந்து வர வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தாலும் குழிவிழுந்திருந்தாலும் ஈயம் பிளக்காமல் சிதறும், சில துணுக்குகள் சுட்டவரை நோக்கியே திரும்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் விளிம்பைப் பார்க்கிறோம், குழி கண்டால் அரம் போடுகிறோம், இல்லையென்றால் கோடரியை மாற்றுகிறோம். குண்டு மென்மையான தூய ஈயமாக இருக்க வேண்டும், கடின உலோகக் கலவை வேண்டாம். மைதானத்தில் நிற்கிற எல்லோருக்கும், வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்கும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சீட்டும் மெழுகுவத்தியும் பார்வைக்குச் சாது. ஆனால் குண்டுக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும் அந்தக் குண்டில் ஏறக்குறைய 1,400 ஜூல் ஆற்றல் இருக்கிறது, சீட்டை அறுத்த பிறகும் அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பார்ப்பவர் கண் சீட்டில் நிற்கும், பொறுப்பாளரின் கண் சீட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மெழுகுவத்தியை இருட்டில் சுடுவதால் இது இன்னும் கூடுதல். பறவை ஓவியர் ஆடுபன், கென்டக்கியில் தான் கண்ட இந்தப் பயிற்சியை விவரித்திருக்கிறார். 50 கஜ தூரத்தில் மெழுகுவத்தி, அதிலிருந்து சில கஜத்தில் ஒரு ஆள். அடி எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்லவும், அணைந்தால் மறுபடி ஏற்றவும் அவர் அங்கே நின்றாராம். படிக்கும்போதே எனக்கு உடம்பு சில்லிடுகிறது. எங்களிடம் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் எல்லாத் துப்பாக்கியும் மேசைக்குத் திரும்பும், விளக்கு எரியும், தலைகளை எண்ணுவோம், அப்புறம்தான் ஒருவர் போய்ச் சுடரை ஏற்றுவார். மாலை முழுக்கச் சில வெடிகள்தான் கிடைக்கும். கிடைக்கட்டும்.

மனிதர் கையிலோ தலையிலோ பொருளை வைத்துச் சுடுவது பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. முழுதும் நல்ல மருந்தில், நல்ல கையில்கூட இந்தத் துப்பாக்கி ஒரே நேரத்தில் பற்றுவதில்லை. விசைக்கும் வெடிக்கும் நடுவே இடைவெளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த இடைவெளி சுடுகிறவர் கட்டுப்பாட்டில் இல்லை. கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

காய்ந்த புல் உள்ள மைதானம் என்றால் எரியும் துணித்துண்டு குழல்வாய்க்கு முன்னால் விழும் இடத்தை முதலில் நனைத்துவிடுங்கள், ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். தீத்துளை இருக்கும் பக்கத்தில் யாரும் தோளோடு தோள் நிற்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். வெடிக்காமல் போன குண்டை, அந்த ஒரு நிமிடம் கழிந்த பிறகு, நுனியில் திருகாணி உள்ள திருகுக் கோலால் இழுப்பதற்கு முன் உள்ளிருக்கும் மருந்தைத் தண்ணீர் விட்டு நனைத்துச் செயலிழக்க வைக்கிறோம். அதன் பிறகு ஒவ்வொரு துப்பாக்கியிலும் கோலை விட்டுக் காலிக் கோடு தெரிகிறதா என்று சுட்டவர் பார்ப்பார், அவரோடு சேர்ந்து நானும் பார்ப்பேன். இரண்டு பேரும் பார்க்காத துப்பாக்கி உறைக்குள் போகாது.