சீல் இல்லாத குழு, ரெண்டு நாள் மாநாடு

நாங்க திருச்சியில நடத்துன ஃப்ரீ சாஃப்ட்வேர் (யாரும் பயன்படுத்தலாம், மாத்தலாம், பகிரலாம்ங்கற மென்பொருள்) மாநாடு முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. கடைசி ஸ்பான்சர் பணம் நேத்துதான் வந்து சேர்ந்துச்சு, அதனால இப்பதான் உட்கார்ந்து எழுத மனசு வந்திருக்கு. மதுரையிலயோ நெல்லையிலயோ சேலத்துலயோ யாராவது ஃப்ரீ சாஃப்ட்வேர் மாநாடு நடத்தக் கிளம்பினா, நாங்க அலைஞ்ச அலைச்சல் அவங்களுக்கு வேண்டாம்னுதான் எழுதுறேன்.

2023 ஜனவரியில விழுப்புரத்துல டெபியன்ங்கற ஃப்ரீ ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான சின்ன மாநாடு, மினிடெப்கான்ஃப் நடந்தப்பவே எங்களுக்கு ஆசை வந்துருச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல கொச்சியில டெபியனோட வருஷாந்திர உலக மாநாடு டெப்கான்ஃப் நடந்துச்சு, உலகம் முழுக்க இருந்து டெபியன் ஆளுங்க வந்தாங்க. லோக்கல் டீம்னு தன்னார்வலர்கள் சேர்ந்து அவ்வளவு பெருசா செய்ய முடியும்னா, நம்ம பக்கம் சின்னதா ஒண்ணு ஏன் செய்ய முடியாதுன்னு தோணுச்சு. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் நாலு ஊர் ஆளுங்களும் பேசி திருச்சியில ரெண்டு நாள்னு முடிவு பண்ணோம். எல்லா ஊருக்கும் பஸ் இருக்கு, சென்னைக்காரங்க ராத்திரி ரயில் ஏறினா விடியறதுக்குள்ள வந்து இறங்கிடலாம்.

குரூப்புல 46 பேர் சேர்ந்தாங்க. ஜிட்சிங்கற வீடியோ கால்ல நடந்த முதல் மீட்டிங்குக்கு 19 பேர், மூணாவதுக்கு 6 பேர். யார் மேலயும் கோவம் இல்ல, எல்லாருக்கும் வேலை, படிப்பு, குடும்பம் இருக்கு. ஆனா "யாராவது பாத்துக்கோங்க"ன்னு விட்ட வேலை ஒண்ணு கூட நடக்கலைங்கறது ரெண்டாவது மாசம்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் ஒரு வேலைக்கு ஒரு பேரு, அவரு வரமுடியலைன்னா இன்னொரு பேருன்னு எழுதி வச்சோம். சாப்பாடு, ஹால், வீடியோ, தங்குற இடம், நடத்தை விதி (யாரும் யாரையும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கறது), பணம் எல்லாத்துக்கும் இப்படியே. நடத்தை விதிக்கான ரெண்டு பேர்ல ஒருத்தர் கட்டாயம் பெண்ணா இருக்கணும்னு நான் பிடிவாதமா நின்னேன். ரெண்டாவது நாள் ஒரு பொண்ணு தயங்காம வந்து ஒரு பிரச்சனையைச் சொன்னப்ப அந்தப் பிடிவாதம் எவ்வளவு சரின்னு புரிஞ்சுது.

பேச்சுக்கு அழைப்பு விட்டது, தேர்ந்தெடுத்தது எல்லாம் ப்ரீடால்க்ஸ்ங்கற மென்பொருள்ல ஒரு சிக்கலும் இல்லாம முடிஞ்சுது.

இப்ப நாங்க ஹால் கேட்டுப் போன காலேஜ் கதைக்கு வர்றேன். கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் எச்ஓடி (துறைத் தலைவர்) ரொம்ப நல்ல மனுஷர், "தாராளமா நடத்துங்கம்மா, ஹால், லேப் எல்லாம் எடுத்துக்கோங்க"ன்னாரு. நாங்க அதை அனுமதின்னு நினைச்சுட்டு தேதியையும் அறிவிச்சுட்டோம். அதுதான் செஞ்ச பெரிய தப்பு. மூணு வாரம் கழிச்சு, காலேஜ் நிர்வாகத்தைப் பாத்துக்கற கரஸ்பாண்டென்ட் கையெழுத்து இல்லாம ஹால் சாவி கூட தரமாட்டாங்கன்னு தெரிஞ்சுது. அரை நாள் லீவு போட்டு தஞ்சாவூர்ல இருந்து பஸ் ஏறிப் போனா கரஸ்பாண்டென்ட் ஊர்ல இல்ல. அடுத்த வாரம் திரும்பப் போனேன், ஆபீஸ்ல இருந்த கிளர்க் என் லெட்டரை வாங்கி முன்னாடி பாத்தாரு, திருப்பிப் பின்னாடி பாத்தாரு, டேபிள் மேல வச்சுட்டு கேட்டாரு, "சீல் எங்கம்மா?"

வெள்ளை ஏ4 தாள்ல குழு பேரு, என் கையெழுத்து, போன் நம்பர், அவ்வளவுதான் இருந்துச்சு. "நாங்க தன்னார்வக் குழு சார், பதிவு பண்ணல"ன்னேன். "பதிவு பண்ணாத குழுவுக்கு நான் எந்த ஃபைல்ல போட்டு மேல அனுப்பறது? நாளைக்கு ஹால்ல ஒண்ணு உடைஞ்சா யாரைக் கேக்கறது? லெட்டர்பேடு, சீல், பதிவு நம்பர் எடுத்துட்டு வாங்க." அவர் கேட்டது நியாயம்தான்னு இப்ப ஒத்துக்கறேன். ஆனா அதை முதல் தடவை போன் பண்ணப்பவே சொல்லியிருக்கலாம், "வாங்க பாத்துக்கலாம்"னு மட்டும் சொல்லி ரெண்டு தடவை வரவழைச்சாரு. திரும்பி வர்ற பஸ்ல அழுகையே வந்துருச்சு.

மாநாட்டுக்காகப் புதுசா சங்கம் பதிவு பண்ண நேரம் இல்ல, அது வேண்டியதும் இல்ல. ஏற்கனவே பதிவு பண்ணி, பான் கார்டும் பேங்க் அக்கவுண்டும் ஒழுங்கா கணக்கு தணிக்கையும் வச்சிருக்கற ஒரு டிரஸ்ட் குடையா நின்னா போதும். எங்களுக்கு அப்படி ஒரு டிரஸ்ட் கிடைச்சுது, ஆனா அவங்க டிரஸ்டிகள் மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடுவாங்க, தீர்மானம் போட்டாதான் எங்க பணம் அவங்க அக்கவுண்டுக்கு வர முடியும். அந்த ஒரு மாசம் போயிருச்சு. மாநாடு வேணும்னு நினைச்ச முதல் நாளே குடை டிரஸ்டைத் தேடுங்க, ஹாலைத் தேடறதுக்கு முன்னாடி.

டிரஸ்ட் லெட்டர்பேடு, சீலோட போனப்ப அதே கிளர்க் அஞ்சு நிமிஷத்துல ஃபைல் போட்டுட்டாரு. ஆனா நாங்க அறிவிச்ச தேதியில செமஸ்டர் தேர்வு, எங்களுக்குச் சொன்ன ஹால் அன்னைக்குத் தேர்வு ஹால்! நவம்பர், டிசம்பர், ஏப்ரல், மே மாசங்கள்ல இன்ஜினியரிங் காலேஜ்ல எதுவும் வைக்காதீங்க, தேர்வுத் தேதி தள்ளித் தள்ளிப் போகும், எச்ஓடிக்கே முன்னாடி தெரியாது. ஜனவரிக்கு மாத்துனோம். பொங்கல் கூட்டத்துல ரயில் டிக்கெட் கிடைக்காதுன்னு மாசக் கடைசிக்குத் தள்ளுனோம். பேச ஒத்துக்கிட்ட ரெண்டு பேரை இதுல இழந்துட்டோம்.

பணம் இன்னொரு பாடு. ஸ்பான்சர் பண்றேன்னு சொன்ன ஒரு கம்பெனியில இன்ஜினியர்கள் ரொம்ப ஆர்வமா இருந்தாங்க, ஆனா பணம் தர்றது அவங்க இல்ல, ஃபைனான்ஸ் டிபார்ட்மெண்ட். அவங்க வெண்டர் ஃபாரத்துல ஜிஎஸ்டி நம்பர் இல்லாம அடுத்த பக்கமே திறக்காது. டிரஸ்டோட வருஷ வரவு 20 லட்சத்துக்கு ரொம்பக் கீழ, அதனால ஜிஎஸ்டி பதிவு எடுக்கல. இதைப் போன்ல நாலு பேருக்கு விளக்குனோம், அஞ்சாவது ஆளுதான் "ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னு லெட்டர்பேடுல ஒரு உறுதிமொழி குடுங்க, போதும்"னாங்க. அதோட பான் நகல், கேன்சல் செக். எல்லாம் குடுத்து பில் அனுப்பினா, பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் போடலைன்னு பில் திரும்பி வந்துச்சு. திருத்தி அனுப்பின தேதியில இருந்து 45 நாள் கழிச்சுதான் பணம்ங்கறது அவங்க கணக்கு. அதனால சாப்பாடு, தங்குற இடம், பேனர் அட்வான்ஸ் எல்லாம் நாலு பேர் சொந்தக் காசுல போட்டோம். ஸ்பான்சர் பணம் மாநாட்டுக்கு முன்னாடி வரும்னு நம்பி யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க.

கனடாவுல இருக்கற ஒரு அண்ணன் தானா முன்வந்து பணம் அனுப்பறேன்னாரு. அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆயிட்டாரு, அதனால அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. மனசே இல்லாம வேண்டாம்னு சொன்னோம். துபாயில இருக்கற இன்னொருத்தர் இந்திய பாஸ்போர்ட்தான் வச்சிருக்காரு, தன் சம்பளத்துல இருந்து முறையா பேங்க் வழியா அனுப்பினாரு, அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. வெளிநாட்டுல இருக்கறவங்க தரேன்னா, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்னு கூச்சப்படாம கேளுங்க. இதுல தப்பு நடந்தா மாட்டறது நமக்குக் குடை பிடிச்ச டிரஸ்ட்.

சாப்பாட்டுக்கு வருவோம். இலவசம்னு அறிவிச்சதும் 310 பேர் பதிவு பண்ணாங்க. சமையல் மாஸ்டர் கிட்ட எண்ணிக்கை சொன்னப்ப அவரே கேட்டாரு, "ஏம்மா, இலவசமா, காசா? இலவசம்னா பாதிக்கு இலை போட்டா போதும்." எங்களுக்குப் பயம், பசியோட யாரையும் அனுப்பிடக் கூடாதுன்னு. கடைசியில வர்றதை உறுதி பண்ண 100 ரூபாய் கட்டச் சொன்னோம், கட்ட முடியாத மாணவர்கள் ஒரு வரி எழுதினா போதும்னோம். பட்டியல் 190க்கு இறங்குச்சு, வந்தவங்க 178 பேர். மாஸ்டர் கிட்ட 185 சொல்லியிருந்தோம், ஒரு இலை சாம்பார் சாதம் கூட வீணாகல. இதுல எனக்கு இன்னைக்கும் சந்தோஷம்.

முதல் நாள் காலையில கிட் (கோடுல செய்யற மாத்தங்களைப் பதிஞ்சு வைக்கற கருவி) பயிற்சி, லேப்ல 60 பேர். எல்லாரும் கிட்ஹப் தளத்துக்குத் தங்க கோடை அனுப்ப புஷ் பண்ணாங்க, எல்லார் ஸ்கிரீன்லயும் டைம்அவுட். எஸ்எஸ்எச்ங்கற பாதுகாப்பான இணைப்பு போற 22ஆம் போர்ட்டை (நெட்டுக்கான வாசல்) காலேஜ் ஃபயர்வால் அடைச்சு வச்சிருக்கு, வைஃபைக்கு காலேஜ் ஐடி வேற வேணும், சிஸ்டம் அட்மின் சனிக்கிழமை லீவு. பத்து நிமிஷம் எனக்குக் கை கால் ஓடல. அப்ப கரூர் தம்பி ஒருத்தர் எழுந்து, கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச் 443ஆம் போர்ட்லயும் போகும், கான்ஃபிக் ஃபைல்ல மூணு வரி போடணும், ஹோஸ்ட் பேரும் எஸ்எஸ்எச் டாட் கிட்ஹப் டாட் காம்னு மாத்தணும்னு போர்டுல எழுதினாரு. முதல் பெஞ்சுல இருந்த பொண்ணோட புஷ் போனதும் லேப்பே கை தட்டுச்சு. டெபியன் இன்ஸ்டாலுக்கு அதே தம்பி வீட்டுல இருந்து பழைய லேப்டாப்ல ஏப்ட்-கேச்சர்ங்கற மென்பொருள் போட்டுக் கொண்டு வந்திருந்தாரு, ஒரு தடவை இறங்கின பேக்கேஜ் எல்லாருக்கும் அதுல இருந்தே போச்சு. இல்லைன்னா அந்த நெட்டுல சாயங்காலம் வரைக்கும் ஒருத்தருக்குக் கூட முடிஞ்சிருக்காது. ஹாலுக்குப் போய்ப் பாக்கற அன்னைக்கே ஒரு லேப்டாப்ல எஸ்எஸ்எச், கிட், ஏப்ட் (டெபியன்ல பேக்கேஜ் இறக்கற கருவி) மூணையும் அந்த நெட்டுலயே ஓட்டிப் பாத்துருங்க.

புரொஜெக்டர்ல பழைய விஜிஏ கேபிள் சொருகற இடம் மட்டும்தான், வந்த லேப்டாப் பாதியில சி டைப் மட்டும்தான். அடாப்டர் வாங்க ஒருத்தர் பைக்குல ஓடினாரு.

ரெண்டாவது நாள் மதியம் புதுக்கோட்டை பாலிடெக்னிக் பொண்ணு ஒண்ணு, வெப்லேட்ங்கற மென்பொருள் மொழிபெயர்ப்புத் தளத்துல தமிழ் மொழிபெயர்ப்பு எப்படிச் செஞ்சேன்னு தமிழ்லயே பேசுச்சு. அதுக்கு முன்னாடி ஜிட்சியில ரெண்டு தடவை ஒத்திகை பாத்தோம், முதல் தடவை குரலே வரல. மேடையில "இந்த பட்டன்ல இருக்கற வார்த்தை நான் போட்டது"ன்னு அது ஸ்கிரீனைக் காட்டினப்ப, நாலு மாச அலைச்சலும் எனக்குப் பெருசா தெரியல.

நேத்து பணம் வந்ததும் நாலு பேர் போட்ட காசைத் திருப்பிக் குடுத்துட்டோம், மிச்சம் 11,340 ரூபாய் டிரஸ்ட் அக்கவுண்டுல அடுத்த வருஷத்துக்கு இருக்கு. அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மைக் பேட்டரி சார்ஜர், அந்தக் கேச்சர் லேப்டாப் எல்லாம் கரூர்ல ஒரு டிரங்குப் பெட்டியில போட்டு வச்சிருக்கோம். உங்க ஊர்ல நடத்தப் போறீங்கன்னா பத்து நாள் முன்னாடி சொல்லுங்க, பெட்டியைப் பஸ்ல ஏத்தி விடறோம். டிரஸ்ட் தீர்மானம், ஜிஎஸ்டி உறுதிமொழி, ஹால் கேட்டு எழுதின லெட்டர் மூணுக்கும் மாதிரி எங்ககிட்ட இருக்கு, பேரை மட்டும் மாத்திக்கலாம்.