முதல் மறியல்: தை மாதக் குறிப்புகள்

ஜனவரி 6, 2025, திங்கள்

விளக்கமறியல், அதாவது வழக்கு முடியமுன் சிறையில் வைத்திருப்பது, என்று நீதவான் சொன்னால் பெரும்பாலும் 14 நாள், அடுத்த தவணை வரைக்கும். தவணைத் திகதியையும் வழக்கு இலக்கத்தையும் உள்ளே போகும் ஆளும் வீட்டாரும் தனித்தனியே எழுதி வைத்திருங்கள். சட்டத்தரணியும் நீதிமன்றப் பதிவாளர் பகுதியும் பெயரை விட இலக்கத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

உள்ளே எடுக்கும்போது காசு, மோதிரம், போன் எல்லாம் கொப்பியில் ஏறும். ‘மோதிரம் 1’ என்று எழுதினால் பிறகு தேடுவது கஷ்டம். நிறம், கல், நிறை தெரிந்தால் நிறையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பதிவு சிங்களத்தில் இருந்தால், "சேர், என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா சொல்லுங்கோ" என்று மெதுவாகக் கேளுங்கள்.

மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, பிடிபட்டபோது பட்ட அடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். பலர் சொல்லக் கூச்சப்படுவது குடியைத்தான். தினமும் நிறையக் குடித்தவருக்குச் சடுதியாக நின்றால் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் உடம்பு நடுங்கி, இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்கவும் கூடும். அறையில் இருப்பவர்கள் நடிக்கிறான் என்று சிரிப்பார்கள். அது உயிர் போகும் நிலை, உடனே காவலரைக் கூப்பிட வேண்டும். ஹெரோயின் விட்டவரின் வேதனை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஒரு வாரமளவில் அடங்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் உடம்பு நீரை வற்றச் செய்யாமல் பார்த்தால் போதும். அவருக்கு உண்மையான ஆபத்து வெளியில் வந்த அன்றுதான். பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

வீட்டார் குளிசையை நேரே கொண்டுபோய் நீட்டிப் பயனில்லை. கிளினிக் கொப்பியின் பிரதியோடு சிறை மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

சாரம் 2, பெனியன் 2, துவாய், சவர்க்காரம், பிரஷ், தடித்த போர்வை. தைப் பனியில் சீமெந்துத் தரை பாயைத் தாண்டிக் குளிரும். பெல்ட், நாடா வைத்த காற்சட்டை வேண்டாம். விளக்கமறியலில் சொந்த உடுப்பு, வீட்டுச் சாப்பாடு இரண்டும் உண்டு. தண்டனை பெற்றவருக்கு ஜம்பர் என்ற சிறை உடை, சிறைச் சாப்பாடு.

பொழுது படமுன்னரே கதவு பூட்டினால் திறக்க விடியும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஆகவே பூட்டமுன் போத்தலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். புதிதாக வந்தவருக்குக் கக்கூஸ் பக்கம்தான் இடம் கிடைக்கும். அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள், ஆட்கள் பிணையில் போகப் போக இடம் மாறும்.

"என்ன கேஸ்?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு வரியில் பதில் போதும். யார், எங்கே, எப்படி என்பதெல்லாம் சட்டத்தரணியோடு மட்டும். இரவு அறையில் கதைத்தது வழக்கின் மற்றப் பக்கத்துக்குப் போவது புதினமில்லை.

புதியவர் சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி, தன் சாமான்களை ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால் தனியே விடாதீர்கள். காவலரிடம் சொல்லுங்கள். முதல் வாரம்தான் கெட்ட வாரம்.

ஜனவரி 9, வியாழன்

பிணைக் கட்டளை கிடைத்தவர்கள் கவனிக்க. சனி, ஞாயிறு, திங்கள் போயா, செவ்வாய் பொங்கல். நாளை மதியத்துக்குள் பிணைகாரர் கையெழுத்து வைத்து முடியாவிட்டால் 15ஆம் திகதிதான். விடுதலைக் கட்டளை நீதிமன்றத்திலிருந்து சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். பூட்டிய பிறகு போனால் அன்றும் வெளியே வர ஏலாது.

இழுபடுவது அனேகமாகக் கடதாசியில். பிணைகாரரின் அடையாள அட்டை மூலப்பிரதி வேண்டும். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்க வேண்டும், அதை மறந்து திரும்பி ஓடுவோர் பலர். அட்டையில் உள்ள முகவரியும் சான்றிதழில் உள்ள முகவரியும் வேறாக இருந்தாலும் சிக்கல்தான். காசுப் பிணை என்றால் பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம், வழக்கு முடிய அதைக் காட்டித்தான் காசு திரும்ப எடுக்கலாம்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதையே விதியாக வைத்திருக்கிறது, மறுப்பது விலக்கு. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவை அதற்கு வெளியே, போதைப்பொருளுக்கும் தனி ஏற்பாடுகள். கொலை வழக்கில் நீதவானிடம் பிணை கேட்டுப் பயனில்லை, மேல் நீதிமன்றம் போக வேண்டும். சட்டத்தரணிக்கு வசதியில்லாதோர் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். உள்ளே அடி, மிரட்டல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1996.

ஜனவரி 14, பொங்கல்

பண்டிகைக்குத் திணைக்களம் அறிவித்தால் ஒருவருக்கு அளவான பார்சல் விடுவார்கள். மூன்று பேருக்குக் கட்டிக்கொண்டு போய் வாசலில் வாதாட வேண்டாம்.

எந்த நாளும் கட்டும் முறை ஒன்றுதான். சோற்றைக் கிளறிப் பார்ப்பார்கள், மீனைப் பிய்ப்பார்கள். ஆகவே சோறு, கறி, பொரியல் தனித்தனி ஒளி ஊடுருவும் டப்பாக்களில். ஒன்றாகக் குழைத்துக் கட்டினால் கிளறி முடிய நாய் கூட முகர்ந்து பார்க்காது. பாலில் வைத்த சொதியும் தேங்காய்ச் சம்பலும் இரவுக்கு வைத்தால் புளிக்கும். பின்நேரமே சாப்பாடு முடிந்துவிடுவதால் பசியில் அதைத்தான் சாப்பிடுவார்கள், விடிய வயிற்றோட்டம். பிரட்டல், கருவாட்டுப் பொரியல், வறுத்த பயறு தாங்கும். புட்டு மதியம் வரை மட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

சொறி. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, கவட்டில் இரவில் கடித்தால், அதாவது அரித்தால், அதுதான். பெர்மெத்ரின் 5 வீதக் கிரீமைக் கழுத்துக்குக் கீழே முழு உடம்பிலும், நகத்தடி, தொப்புள் விடாமல், இரவில் பூசி 8 முதல் 14 மணித்தியாலம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் திரும்பவும் பூச வேண்டும், முட்டையிலிருந்து பிறகு பொரிப்பவை மிஞ்சுவதால். மருந்து பலிக்காமல் போவதற்குக் காரணம் அறை. 30 பேர் படுக்கும் அறையில் கடி உள்ளவர் மட்டும் பூசினால் அடுத்த பாயிலிருந்து திரும்பி வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் தரும்படி மருத்துவரிடம் ஒன்றாகக் கேளுங்கள். அன்றே சாரம், போர்வையை நல்ல வெயிலில் போடுங்கள், அல்லது பையில் இறுகக் கட்டி மூன்று நாள் தொடாமல் வையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று கிழமை கடிக்கும். அதற்காக நாளும் பூசினால் தோல்தான் எரியும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கேளுங்கள்.

ஜனவரி 24, வெள்ளி

கடன். ஒரு பீடி வாங்கினால் இரண்டு திருப்பிக் கேட்பார்கள், கிழமை போக வீட்டுக்காரரின் போன் நம்பர் கேட்பார்கள். புகைப்பவர் முதல் நாளே, "நான் விட்டிட்டன்" என்று சொல்லிவிடுவது மலிவு. ஒளித்து வைத்த போனில் ஒரு நிமிடம் கதைக்கத் தருபவரிடமும் இதே கதைதான். பிடிபட்டால் அது புது வழக்கு, கைக்கு எட்டிய பிணையும் தள்ளிப்போகும்.