காளையாருக்கு முடிந்து வைத்த காசு

தம்பி கால் முறிந்து கிடந்தபோது அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, "எம்பிள்ளை எந்திரிச்சு நடக்கட்டும், காளையாரே, உன் வாசலுக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்று வேண்டிக்கொண்டார்கள். அவன் நடக்க ஆரம்பித்து எட்டு மாதமாகியும் லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. சனிப் பிரதோஷத்தன்று ஒருவழியாகக் கிளம்பினோம்.

சிவகங்கையிலிருந்து காளையார்கோவில் வரை பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கோபுரம் தெரிந்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருது பாண்டியர் கட்டியது. மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையாக நின்று கைமாற்றியே செங்கல் கொண்டுவந்தார்கள் என்று அப்பத்தா சொல்லும்.

வாசலில் ஒருவர், "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன், ஐந்நூறு குடுங்க" என்று பின்னாலேயே வந்தார். சாமி சந்நிதியிலுமா இது? மனசு கசந்துவிட்டது. உள்ளே நந்தி அபிஷேகத்துக்கு ஒரே நெரிசல். தம்பியின் காலை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று நான் கையை விரித்து மறித்துக்கொண்டே போனேன்.

சோமேசர், சுந்தரேசர் சந்நிதிகளைக் கும்பிட்டோம். எங்கள் காளையாரான சொர்ண காளீஸ்வரர் முன்னால் வந்ததும் எப்படியோ கொஞ்சம் இடம் கிடைத்தது. தீபாராதனை காட்டுகிறார்கள், அம்மா சாமியைப் பார்க்கவில்லை. தரையில் அழுந்தப் பதிந்திருந்த தம்பியின் இரண்டு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா, தீபம் பாருங்கோ" என்று குருக்கள் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். இந்த ஊரின் பழைய பேரைச் சொல்லி, சுந்தரர் 'கானப்பேர் உறை காளை' என்று பாடிய என் அப்பனே, உனக்கு நான் என்ன செய்வேன்! முடிச்சு இறுகிப்போய் அவிழவேயில்லை. துணியோடு உண்டியலில் போட்டோம்.

வெளியே வந்ததும் மருதிருவர் சமாதிக்கு அம்மா தானாகவே நடந்தார்கள். 1801 அக்டோபர் 1 அன்று வெள்ளைக்காரன் படை இந்த ஊரைப் பிடித்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டியதால்தான் அவர்கள் வந்து நின்றார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கோயிலைப் பார்த்தபடியே தலைகளை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பிரசாதமாகக் கொடுத்த வில்வத்தில் பாதியை அம்மா அங்கே வைத்தார்கள். "ஐயா, உங்க கோபுரம் நிக்குது. எம்பிள்ளையும் நிக்கிறான்" என்றார்கள்.