சுவாசக் கணக்கு: ஓர் ஆய்வக நாட்குறிப்பு

3 ஜூன் 2024, திங்கள்

ஆய்வின் முதல் மூன்று பேருக்கு இன்று பரிசோதனை முடிந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கும் நடுவயதுப் பணியாளர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வு (கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன்) எவ்வளவு உயர்கிறது, அந்த உயர்வில் இதயத்தின் பங்கு எவ்வளவு, தசையின் பங்கு எவ்வளவு என்பதுதான் எங்கள் கேள்வி. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாட்டால் பெருக்கினால் உடல் நுகரும் ஆக்சிஜன் கிடைக்கும். 1870இல் ஜெர்மன் உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் சொன்ன இந்தக் கணக்கை முதலாண்டில் படித்துத் தேர்வு எழுதியதோடு நானும் மறந்துதான் போயிருந்தேன்.

ட்ரெட்மில்லில் புரூஸ் முறையைப் பின்பற்றுகிறோம். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்திலும் 10 சதவீத ஏற்றத்திலும் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும். முகத்தில் காற்றுப் புகாத மாஸ்க், மார்பில் இ.சி.ஜி. கம்பிகள், கையில் ரத்த அழுத்தப் பட்டை. மூன்றாவதாக வந்த எழுத்தர் ஒருவர், "டாக்டரம்மா, இது மூச்சு விடுவதற்கா, மூச்சை நிறுத்துவதற்கா?" என்று கேட்டார். பத்தாவது நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னவர், இறங்கியதும் தண்ணீர் கூடக் கேட்காமல் தன் எண் என்ன என்றுதான் கேட்டார்.

6 ஜூன், வியாழன்

திங்கட்கிழமை எடுத்த அளவீடுகளை நிதானமாகப் பார்த்தபோது ஓர் எண் உறுத்தியது. எழுத்தர் ஓடத் தொடங்குவதற்கு முன், நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடங்களில், அவருடைய சுவாசப் பரிமாற்ற விகிதம் 0.64 என்று பதிவாகியிருந்தது. வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்துக் கிடைப்பது இந்த விகிதம். உடல் மாவுச்சத்தை மட்டுமே எரித்தால் அது 1.0 ஆகவும், கொழுப்பை மட்டுமே எரித்தால் ஏறத்தாழ 0.7 ஆகவும் இருக்கும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்த மனிதர் 0.7க்குக் கீழே போக வழியே இல்லை. மற்ற இருவரின் எண்களும் அதே போலத் தாழ்ந்திருந்தன.

மாஸ்க்கில் கசிவு இருக்குமோ என்று முதலில் சந்தேகித்தோம். கசிவு இருந்தால் இரண்டு வாயுக்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும்; விகிதம் இவ்வளவு சரிந்திருக்காது. மதியம்தான் காரணம் பிடிபட்டது. கருவியின் அளவீட்டைச் சரிபார்த்துச் சீர்செய்ய, வாயுக்களின் அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சிலிண்டர் உண்டு; அதைப் போன வாரம் மாற்றியிருந்தோம். பழையதில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம், புதியதில் 5 சதவீதம். கணினியில் பழைய எண்ணை யாரும் மாற்றவில்லை. ஆகவே உண்மையில் 5 ஆக இருந்ததைக் கருவி 4 என்று கற்றுக்கொண்டு, வந்த ஒவ்வொரு மூச்சையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே எழுதியிருக்கிறது. "யாரும்" என்று எழுதுவது நியாயமில்லை. அன்று காலை சீர்செய்த பக்கத்தில் கையெழுத்திட்டவள் நான்தான்.

எல்லாவற்றையும் 1.25ஆல் பெருக்கிவிடலாமே என்று முதுநிலை மாணவர் கேட்டார். கார்பன் டை ஆக்சைடுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் இந்தக் கருவி உள்ளிழுக்கும் காற்றின் அளவை நேரடியாக அளப்பதில்லை. வெளிவரும் காற்றில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனிலிருந்து அதைக் கணக்கிடுகிறது. ஆகவே அந்தப் பிழை ஆக்சிஜன் கணக்குக்குள்ளும் கொஞ்சம் நுழைந்திருக்கும். மூவரையும் மறுபடி அழைப்பது என்று முடிவு செய்தோம். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கும் வேலை எனக்கு.

11 ஜூன், செவ்வாய்

துறையில் வாரந்தோறும் நடக்கும் கட்டுரை வாசிப்பில் இன்று என் முறை. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஆய்வை எடுத்துக்கொண்டேன். மாடிப் பேருந்தின் ஓட்டுநர் பணிநேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஒரே நிறுவனம், ஒத்த வருவாய், ஒரே நகரம். அப்படியிருந்தும் நடத்துநர்களிடம் மாரடைப்பு கணிசமாகக் குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்தும் இருந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று இன்று எல்லோரும் இயல்பாகச் சொல்வதற்கு எண்களால் அடிப்படை போட்ட ஆய்வு இது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, மாரிஸ் தன் முடிவைத் தானே சந்தேகித்த விதம். ஏற்கெனவே பருமனாக இருப்பவர்கள் ஓட்டுநர் வேலையைத் தேடிப் போயிருந்தால் என்ன செய்வது? அதற்கு அவர் குழு புரட்டியது சீருடைப் பதிவேட்டை. வேலையில் சேரும்போது தைத்துக் கொடுத்த கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தால், ஓட்டுநர்கள் தொடக்கத்திலேயே பெருத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. 1956இல் அதையும் வெளியிட்டார்கள். பிறகு ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும், பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். திடீர் இதய மரணத்தில் அப்போதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தையற்காரரின் அளவு நாடா மக்களிடையே நோய் பரவும் விதத்தை ஆராயும் கருவியாக மாறிய வேறு நிகழ்ச்சியை நான் படித்ததில்லை.

நம் ஊர்ப் பேருந்தில் இதைச் செய்ய முடியாதா என்று ஒருவர் கேட்டார். நம் நடத்துநருக்கு ஏறுவதற்கு மாடி இல்லை. கூட்ட நேரத்தில் நகர்வதற்கே இடமில்லை.

15 ஜூன், சனி

1966 கோடையில் டல்லஸில் நடந்த படுக்கை ஆய்வை மீண்டும் படித்தேன். இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை உடலியல் ஆய்வாளர் பெங்ட் சால்டினும் அவருடைய குழுவினரும் மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உச்ச ஆக்சிஜன் நுகர்வு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் குறைந்ததே முக்கியக் காரணம். தொடர்ந்து எட்டு வாரப் பயிற்சி கொடுத்ததும் அது மீண்டது. இங்கே ஓட்டுநர், நடத்துநர் என்ற சிக்கலே இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரேதான் ஒப்பீடு.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரும் ஐம்பது வயதில் மீண்டும் வந்தார்கள். உடல் எடை சராசரியாகக் கால் பங்கு கூடியிருந்தது. கொழுப்பின் விகிதம் இரட்டிப்பாகியிருந்தது. ஆயினும் முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவு. ஆறு மாதம் நடையும் மெல்லோட்டமும் மிதிவண்டியுமாகப் பயிற்சி செய்தபின் இருபது வயதின் தொடக்க அளவுக்குத் திரும்பினார்கள். அந்த மீட்சி இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளியதால் வந்ததல்ல. தசைகள் ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்சிஜனைப் பிரித்தெடுத்ததால் வந்தது. ஓடப் பழக்கிய எலிகளின் தசை மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் உறுப்பு) நொதிகளின் செயல்பாடு இரட்டிப்பாவதை ஜான் ஹொல்லோசி 1967இலேயே காட்டியிருந்தார். எங்கள் ஆய்வுக் கேள்வி பிறந்ததே இந்த இடத்தில்தான். ஐந்தே பேர் என்று இதைச் சிலர் ஒதுக்குவதுண்டு. ஐந்து பேரை முப்பது ஆண்டு கழித்து ஒருவர் விடாமல் கண்டுபிடித்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

19 ஜூன், புதன்

நெறிமுறைக் குழுவிடமிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: பயிற்சி நல்லது என்று தெரிந்த பிறகு, ஒப்பீட்டுக்காக ஒரு குழுவுக்கு ஏன் அதைத் தராமல் வைக்கிறீர்கள்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் டல்லஸ் முறையில் ஆளை அவரோடே ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் மாறும் மற்ற எல்லாமும், எங்கள் கண்காணிப்பால் வரும் உற்சாகம் உட்பட, பயிற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பதிலில் சென்னையிலேயே நடந்த ஆய்வைக் குறிப்பிட்டேன். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தது. மூன்றாண்டில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கும், நடையும் உணவுக் கட்டுப்பாடுமாக வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் எடுத்தவர்களில் 40.5 சதவீதம், இரண்டும் சேர்ந்தாலும் 39.5 சதவீதம்தான். 2006இல் வெளியான இந்த முடிவில் முதல் எண்ணைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த 55 இல்லையென்றால் 39.3 என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நடப்பவரின் தசை, சுருங்கும்போது இன்சுலினை எதிர்பாராமலேயே குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால், தொடை தசையைக் கவனிக்கும் எங்கள் கேள்விக்கும் இந்த ஆய்வு அந்நியமல்ல.

எங்கள் ஒப்பீட்டுக் குழுவுக்கு யோகாவும் சமநிலைப் பயிற்சியும் தருவதாகவும், ஆய்வு முடிந்ததும் முழுப் பயிற்சியையும் தருவதாகவும் எழுதி அனுப்பிவிட்டேன்.

24 ஜூன், திங்கள்

மூவரில் இருவர் இன்று வந்தார்கள். சிலிண்டர் சான்றிதழில் உள்ள எண்ணை நான் உரக்கப் படிக்க, மாணவர் திரையில் உள்ளதை உரக்கப் படித்தார். இனி இது வழக்கம். குளிர்சாதனம் சரியாக ஓடியது. சூடான அறையில் எடுத்தால் இதயத் துடிப்பு வீணாக ஏறிக்கொள்ளும் என்பதால் அதற்காகவே அரை மணி நேரம் காத்திருந்தோம்.

எழுத்தரின் ஓய்வுநிலை விகிதம் 0.83. இட்லிக்குப் பொருத்தமான எண். போன முறையைவிட நாற்பது விநாடி கூடுதலாகத் தாக்குப்பிடித்தார். இறங்கியதும், மூன்று வாரமாக மாலையில் நடக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். பயிற்சி தொடங்கும் முன்பே அவர் நடக்கத் தொடங்கிவிட்டார் என்பதைப் படிவத்தின் ஓரத்தில் தேதியோடு குறித்து வைத்தேன். மூன்றாமவருக்கு நாளை மறுபடி தொலைபேசியில் பேச வேண்டும்.