லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டர் வாங்குறீங்களா, சர்டிஃபிகேட்ட கேளுங்க

லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம்னு போர்டு போட்டு பேட்டரி ஸ்கூட்டர் விக்கிறாங்கல்ல, அத டியூஷன் போற பசங்களுக்கு வாங்கிக் குடுக்கலாமான்னு சொந்தக்காரங்க நிறைய பேர் கேக்குறாங்க. வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா அந்த சலுகை எதனால கெடைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல இதுக்கு கணக்கு இருக்கு. மோட்டாரோட 30 நிமிஷ பவர், அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர், 0.25 கிலோவாட்டுக்கு கீழ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு கீழ, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள, ஒழுங்கான பிரேக், முன்னாடி வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னாடி செவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்தா சட்டப்படி அது மோட்டார் வண்டியே கிடையாது. ஆனா கம்பெனிக்காரங்க தானா அப்படி சொல்லிக்க முடியாதுங்க, 126-வது விதில இருக்கிற டெஸ்டிங் ஏஜென்சி ஏதாவது ஒண்ணு, அதாவது புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம்ம ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரி எடத்துல, அந்த மாடல சோதிச்சுப் பாத்து சர்டிஃபிகேட் குடுக்கணும்.

அக்கா பொண்ணுக்கு வண்டி பாக்க ஒரு ஷோரூம் போயிருந்தோம். சேல்ஸ் பையன் சீட்ட தூக்கி கன்ட்ரோலர் (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற பெட்டி) பக்கத்துல ஒரு சின்ன வெள்ள கனெக்டர காட்டி, "இத புடுங்கிட்டா ஸ்பீடு லாக் போயிரும் சார், 45 வரைக்கும் ஜம்முனு போகும், எல்லாரும் இப்படித்தான் எடுக்குறாங்க"ன்னான். எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

அந்த கனெக்டர கழட்டின நிமிஷமே சர்டிஃபிகேட்டுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லாம போயிருது, அது மோட்டார் வண்டி ஆயிருது, அப்ப ஓட்றவங்ககிட்ட லைசென்ஸ் இல்ல, வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் இல்ல, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் இல்ல. ரோட்ல யாராவது பெரியவர் மேல மோதிட்டா நஷ்டஈடு முழுசும் வீட்டு ஆளுங்க தலையிலதான் விழும். மோட்டார் வாகன சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு வேற இருக்கு, அனுமதி இல்லாம வண்டிய மாத்துற ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் குடுக்கலாம். அப்ரூவல் இல்லாத வண்டிய விக்கிற டீலருக்கும் அதே பிரிவுல வண்டிக்கு 1 லட்சம் ரூபா அபராதம் இருக்கு, இத அந்த பையன்கிட்ட யாரும் சொன்னதில்ல போல.

சட்டத்த விடுங்க, உயிரப் பாருங்க. 25-ல போறதுக்குன்னு பாத்துப் போட்ட பிரேக்கு அது. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அந்த பொடி டயர்ல மழை நேரத்துல யோசிச்சுப் பாருங்க.

அதனால கடைல மொத வேலையா அப்ரூவல் சர்டிஃபிகேட் காப்பி கேளுங்க. அதுல இருக்கிற மாடல் பேரு, மோட்டார் பவரு, பேட்டரி விவரம் எல்லாம் எதிர்ல நிக்கிற வண்டியோட விவரப் பிளேட்ல இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு ஒவ்வொண்ணா பாருங்க. அதே கம்பெனியோட வேற மாடல் சர்டிஃபிகேட்ட காட்டுவாங்க, ஒத்துக்காதீங்க. வேகமா போற வண்டிதான் வேணும்னா பச்ச நம்பர் பிளேட்டு, ஆர்சி, இன்சூரன்ஸோட வர்ற வண்டிய எடுங்க, கூட காசு ஆகும்தான். நாங்க அக்கா பொண்ணுக்கு லைசென்ஸ் வயசு வரட்டும்னு தள்ளி வெச்சிருக்கோம், அதுவரைக்கும் பஸ் பாஸ்தான்.