நிறுத்த இடம் காட்டுங்கள், அப்புறம் அபராதம் போடுங்கள்

முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் வண்டி எடுத்துக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய பாடு என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் வருகிறோம். கல்யாணப் பட்டு, பாத்திரம், மளிகை எல்லாம் இங்கேதான் வாங்க வேண்டும், டாக்டரும் இங்கேதான், பிள்ளைகளுக்குக் காலேஜும் இங்கேதான். வலங்கைமான், குடவாசல், பாபநாசம், திருவிடைமருதூர் என்று சுற்றுப்பட்டு ஊர் அத்தனைக்கும் டவுன் என்றால் இதுதான். இது போதாதென்று நவக்கிரகம் சுற்ற வருகிற வேன்களும் டூரிஸ்ட் பஸ்களும். ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் எதற்குப் போவதானாலும் ராத்திரி தங்குகிற ஊர் கும்பகோணம்.

ஊரோ காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது, உள்ளே கோயிலும் குளமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. தெருவை அகலப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம் இடிப்பது என்று கேட்கத்தான் தோன்றும். 1866-ல் நகராட்சியான ஊர், 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, 48 வார்டு. தெருக்கள் என்னவோ அதே தெருக்கள்தான்.

தெரு குறுகலாக இருப்பதுதான் முழுக் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேர் ஓடுகிற அன்று சாரங்கபாணி கோயில் வீதிகளில் நின்று பாருங்கள். அவ்வளவு பெரிய தேர், இரண்டு பக்கமும் வடம் பிடிக்கிற கூட்டம், அதற்கு மேல் வேடிக்கை பார்க்கிற ஜனம், எல்லாம் அந்த வீதிக்குள் அடங்கும். திருவாரூரில் ஆழித்தேர் திரும்புகிற வீதி முனைகளும் அப்படித்தான். தேருக்கு முதல் நாளே போலீஸும் நகராட்சியும் மின்வாரியமும் சேர்ந்து வந்து ஒரு வண்டி விடாமல் எடுக்க வைக்கிறார்கள், கடைக்காரர் பந்தலைப் பிரிக்கிறார், கம்பியை இறக்குகிறார்கள், எல்லாம் ஒரே நாளில் நடக்கிறது. தேர் நிலைக்கு வந்த மறுநாள் பழையபடி இரண்டு பக்கமும் கார். அப்படியானால் தெருவில் இடம் இருக்கிறது. அதை நிர்வாகம் பண்ணத்தான் வருஷம் முழுக்க ஆள் இல்லை.

ஏன் இல்லை என்று பார்த்தால், பொறுப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஊருக்குள் போகிற சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, மற்றவை மாநகராட்சியுடையவை. வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவது உள்ளாட்சி, அதுவும் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டு. தப்பான இடத்தில் நிறுத்தினால் அபராதம் போடுவது போலீஸ், அந்தப் பணம் போவது மாநில அரசுக் கணக்குக்கு. ஆக, தெருவை வைத்திருக்கிறவருக்கு அபராதத்தில் பங்கில்லை, அபராதம் போடுகிறவருக்குத் தெருவில் நிறுத்த இடம் ஒதுக்குகிற வேலை இல்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தால்கூட நமக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியப் போவதில்லை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ அந்த ஊர் உள்ளாட்சியோடு கலந்து பேசி, வண்டி எங்கெங்கே நிற்கலாம் என்று முடிவு செய்யலாம். கலந்து பேசி என்பதைக் கவனியுங்கள். அபராதப் பிரிவுகள் எல்லாம் அதற்கு அப்புறம் வருகின்றன. 122-ஆவது பிரிவு மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுப் போகக்கூடாது என்கிறது. 127-ஆவது பிரிவில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிற வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம், தூக்கிய செலவும் நம் தலையில்தான். 201-ஆவது பிரிவில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தால் 500 ரூபாய் வரை. பொதுவான 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500. இந்தப் பிரிவுகள் எல்லாம் கான்ஸ்டபிள் கையில் இருக்கிற மெஷினில் ஏறிவிட்டன. 117 மட்டும் பெரும்பாலான டெல்டா ஊர்களில் தெருவுக்கு இறங்கி வரவில்லை. வெள்ளைக் கோடு போட்டு இங்கே டூவீலர், இங்கே கார், இங்கே ஒன்றும் கூடாது என்று காட்டுகிற தெரு எத்தனை இருக்கிறது, உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

அரசு கோடு போடாத இடத்தில் கடைக்காரர் போட்டுவிடுகிறார். பழைய டயருக்குள் சிமெண்டு ஊற்றி நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதில் ‘நோ பார்க்கிங்’ தகரத்தைத் தொங்கவிட்டால் கடை வாசல் அவருக்குச் சொந்தம். சில இடத்தில் மணல் மூட்டை, சில இடத்தில் பூந்தொட்டி, சில இடத்தில் காலை ஏழு மணிக்கே கடைப் பையனின் டிவிஎஸ் எக்ஸெல் குறுக்கே நிற்கும், ராத்திரி வரைக்கும் நகராது. நாம் நிறுத்தப் போனால் சண்டைக்கு வருவார்கள். அந்தத் தகரத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் உண்மையான நோ பார்க்கிங் பலகை எது, கடைக்காரர் வைத்தது எது என்று வெளியூரிலிருந்து வருகிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அரசுப் பலகையிலேயே பாதிக்கு நகைக்கடை விளம்பரம்.

ஸ்டாண்டு கதை இன்னொன்று. டெல்டாவில் ஒரு ஊர், பேர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் ஸ்டாண்டில் வண்டியை விட்டேன். டோக்கன் கொடுத்த பையன், “இருபது ரூபா அண்ணே” என்றான்.

“போர்டுல பத்துன்னு போட்டிருக்கே தம்பி?”

“அது பழைய போர்டுண்ணே. குத்தகை மாறிடுச்சு.”

“அப்ப புது போர்டு எங்க?”

“அதெல்லாம் ஓனர்ட்ட கேளுங்கண்ணே, நான் சம்பளத்துக்கு நிக்கிறேன்.”

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் சொன்னது நிஜம். டோக்கன் வெறும் பழுப்புத் தாள், ரப்பர் ஸ்டாம்பில் ஒரு எண், கீழே ‘வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி. கட்டணம் எவ்வளவு என்று அதில் இல்லை, உள்ளாட்சி பேர் இல்லை, எந்த எண்ணுக்குப் புகார் சொல்வது என்று இல்லை. பொறுப்பில்லை என்பது மட்டும் ஞாபகமாக இருக்கிறது. ஒருவரிடம் பாதுகாக்கக் கொடுத்த பொருளை அவர் தன் பொருளைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவே இருக்கிறது. ஹோட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன வழக்கில், ‘வண்டி உரிமையாளரே பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்தது மட்டும் ஹோட்டலைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. சாவி நம் கையிலேயே இருக்கிற ஸ்டாண்டுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒரு வரியில் கை கழுவுகிற பழக்கத்தை உள்ளாட்சி தன் டோக்கனிலாவது அனுமதிக்கக்கூடாது.

இதில் சிக்கல் ஏலமுறையில்தான் இருக்கிறது. ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பறை, தினசரி மார்க்கெட் எல்லாவற்றையும் யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்கிறோம். அதிகத் தொகை கட்டினவர் அதைத் திருப்பி எடுக்க என்ன செய்வார்? பத்து இருபதாகும், நூறு வண்டி நிற்கிற இடத்தில் நூற்றைம்பது திணிப்பார், காலி இடத்தில் கயிறு கட்டி அங்கேயும் டோக்கன் போடுவார். உள்ளாட்சிக்கு வருஷம் பிறந்ததும் குத்தகைத் தொகை வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிற அவசியம் இல்லாமல் போகிறது. பார்க்கிங்கை வருமான இனமாக மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும்.

இங்கிலாந்தில் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். 2004-ல் வந்த போக்குவரத்து நிர்வாகச் சட்டத்தின்படி, தெருவில் தப்பாக நிறுத்துகிற வண்டிக்கு அபராதச் சீட்டு போடுவது பெரும்பாலும் போலீஸ் இல்லை, அந்தந்த ஊர் கவுன்சில். கோடு போடுவதும் கவுன்சில், பலகை வைப்பதும் கவுன்சில், சீட்டு போடுவதும் கவுன்சில். கோடு சரியில்லை, பலகை தெரியவில்லை என்றால் அதைச் சொல்லியே மேல்முறையீடு செய்யலாம், தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. எல்லாவற்றையும்விட முக்கியம், தெருவோர நிறுத்தத்தில் மிஞ்சுகிற பணத்தை 1984 சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி நிறுத்துமிடம், பொதுப் போக்குவரத்து, சாலை மாதிரி வேலைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும். லண்டனில் பார்னெட் கவுன்சில் குடியிருப்பவர்களின் பார்க்கிங் கட்டணத்தை வருமானத்துக்காக ஏற்றியபோது, 2013-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அங்கேயும் ஜனங்கள் கவுன்சிலைத் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் யாரைத் திட்டுவது என்று அவர்களுக்குத் தெரிகிறது.

நம் ஊரில் அபராத அதிகாரத்தை மாநகராட்சிக்கு மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்குச் சட்டம் மாற வேண்டும், ஆளும் வேண்டும். இருக்கிற சட்டத்திலேயே செய்யக்கூடியதைச் செய்யலாம். முதலில் கோடு. கார் ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும், அந்த இடத்தில் ஐந்தாறு டூவீலர் நிற்கும். டெல்டா ஊர்களுக்கு வருகிற ஜனம் டூவீலரில்தான் வருகிறது, கிராமத்திலிருந்து உர மூட்டையும் பெண்டாட்டி பிள்ளையும் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு முதல் உரிமை. கோயில் வீதிகளில் ஒரு பக்கம் டூவீலர் மட்டும், எதிர்ப்பக்கம் ஒன்றும் கூடாது, காருக்கு ஊர் ஓரத்தில் காலி இடம், அங்கிருந்து மினி பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. காருக்கு மணிக்கணக்கில் கட்டணம் வையுங்கள், தாராளமாக வையுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். மளிகைக் கடைக்கு லோடு இறக்குகிற லாரிக்கு விடியற்காலை நேரம் ஒதுக்கி அதைப் பலகையில் எழுதினாலே பகல் நெரிசல் பாதி குறையும்.

கல்யாண மண்டபங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வண்டி நிறுத்தம் வேண்டும் என்று இருக்கிறது. வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, கட்டி முடித்ததும் அந்த இடத்தில் பந்தி நடத்துகிற மண்டபங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்த கார் எல்லாம் ரோட்டில். அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்தில் கொண்டுவந்தார்கள், நல்லதுதான். வழியையே அடைத்து வைத்த மண்டபத்துக்கு என்ன? அனுமதி கொடுத்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு முகூர்த்த நாளில் அலுவலர் ஒருவர் போய்ப் பார்த்தால் போதும்.

அபராதத்திலும் ஒரு நேர்மை வேண்டும். மூலையில் நின்று போனில் படம் எடுத்து, நாம் வீட்டுக்குப் போன பிறகு மெசேஜ் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கேமரா வைத்துப் பிடிக்கிற சாலையில் முன்கூட்டியே கண்ணில் படுகிற மாதிரி எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ விதி சொல்கிறது. கையில் பிடித்து எடுக்கிற போட்டோவுக்கும் அதே ஒழுங்கு இருந்தால் என்ன? எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று சலானிலேயே ஒரு வரி இருந்தால் அடுத்த தடவை அந்த ஆள் அங்கே போய் நிறுத்துவார்.

2028-ல் மகாமகம் வருகிறது. 2016-ல் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டும் வாகன நிறுத்தமும் போட்டார்கள், கார்களை உள்ளே விடாமல் சமாளித்தார்கள். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. இந்த முறை வெளியே போடுகிற நிறுத்தங்களில் இரண்டையாவது நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான நிலத்தை இப்போதே பார்க்காவிட்டால் கடைசி நேரத்தில் அறுத்த வயலை வாடகைக்கு எடுத்து மண் கொட்டுவதில்தான் முடியும், அது வயலுக்கும் கெடுதல்.

ஒன்று எல்லோரும் செய்யலாம். உங்கள் ஊர் ஸ்டாண்டின் குத்தகை ஒப்பந்தத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுமதித்த கட்டணம் எவ்வளவு, எல்லை எது, எத்தனை மணி வரை, டோக்கனில் என்ன அச்சடிக்க வேண்டும், இந்த நாலையும் கேளுங்கள். வருகிற பதிலை நகல் எடுத்து ஸ்டாண்டு வாசலில் ஒட்டுங்கள், வார்டு குழு, பகுதி சபை பற்றிய 2022 விதிகளின்படி வார்டில் பகுதி சபைக் கூட்டம் கூட்டும்போது கையில் எடுத்துக்கொண்டு போய் கவுன்சிலரிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதில் வந்தால் இங்கே போட்டோ போடுங்கள், ஊர் வாரியாகச் சேர்த்து வைக்கிறேன்.